இருபத்தாறாம் அறை

ஒன்பதாம் பக்கத்தின் நடுவிலேயே புத்தகம் முடிந்துவிட்டது. எலி கீழ் அம்புக்குறியை மறுபடியும் அழுத்தினாள். கர்சர் நகரவில்லை, 'பீப்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. இன்னொரு தடவை அழுத்தினாள். இன்னொரு பீப். கதவைச் சாத்திவிட்டு உள்ளேயிருந்து "ஆள் இல்லை" என்று சொல்வதைப் போல இருந்தது.

இருநூற்றுப் பதினான்கு பக்கம் இருக்க வேண்டிய புத்தகம் அது. பெரியம்மா எட்டு வருஷமாக ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி அடித்த குரோஷாப் பின்னல் புத்தகம். திங்கட்கிழமை காலையில் அச்சகத்துக்காரர் வந்து பக்கங்களை வாங்கிக்கொண்டு போவதாகப் பேச்சு. இன்றைக்குச் சனிக்கிழமை. மணி மூன்றே கால். பெரியம்மா நூல் கடை வேலை முடிந்து ஐந்து மணிக்கு வருவார். வந்து பிரின்டரைப் போடுவார்.

சேமிக்கும்போதெல்லாம் அந்த மென்பொருள் பழையதை இன்னொரு பெயரில் ஒதுக்கிவைக்கும். அது நினைவுக்கு வந்ததும் போன உயிர் பாதி திரும்பிவந்தது. அதைத் திறந்தாள். அதுவும் ஒன்பதாம் பக்கத்தில், அதே வரியில், அதே சொல்லுக்குப் பிறகு நின்றது. வந்த பாதி உயிரும் வந்த வழியே போனது. ஃபிளாப்பியில் இருந்த பிரதியோ ஐந்து வருஷத்துக்கு முந்தையது. அதில் எண்பது பக்கம்கூட இல்லை.

என்ன நடந்தது என்று கேட்டால், எலி நல்லது செய்யப் போனாள். அதுதான் நடந்தது.

அந்தக் கணினியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். எலிக்குப் பதினாறு வயது என்றால் அதற்கு இரண்டு பங்கு வயது. கறுப்புத் திரையில் மஞ்சள் எழுத்து. மௌஸ் கிடையாது. "இந்த மெஷினுக்கு எலி இல்லாத குறைய நீதான் தீர்க்கற" என்று, எப்போது பார்த்தாலும் மேஜைக்கு அடியில் ஒயருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தவளுக்குப் பெரியப்பா வைத்த பெயர்தான் எலி. இரண்டு மாடி கீழே இருக்கும் அம்மாவும் இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

பெரியம்மா அந்தக் காலத்தில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தார். அலுவலகம் புது மெஷின்கள் வாங்கியபோது பழையதை இவர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். காரணம் இருந்தது. அதிலிருந்த மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எழுத்து வைக்க இருநூற்று ஐம்பத்தாறு அறைகள் இருந்தன. ஒவ்வோர் அறையிலும் குறுக்கே எட்டு, நெடுக்கே பதினாறு என்று கட்டம். கட்டத்தை நிரப்பினால் புள்ளி, விட்டால் வெறுமை. குரோஷாவில் கட்டக் காகிதத்தை வைத்துப் பூப்போடுகிற பெரியம்மாவுக்கு இது கைவந்த வேலை. ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் காகிதத்தில் கட்டம் கட்டமாகப் பின்னி, அறை அறையாகக் குடியேற்றினார். 'ண' போன்ற இடுப்பு பெருத்த எழுத்துகளுக்கு இரண்டு அறை. மிச்சம் இருந்தவற்றில் சங்கிலித் தையலுக்கு ஒரு வட்டம், தூண் தையலுக்கு ஒரு கோடு என்று குரோஷாக் குறிகள். வீடு நிறைந்துவிட்டது. புதுக் கணினி எதில் அந்தக் கோப்பைத் திறந்தாலும் கோழி கிளறிய குப்பை மாதிரிதான் தெரியும். அதனால் புத்தகமும் பெரியம்மாவும் அந்தக் கிழட்டுப் பெட்டியோடு கட்டுண்டு கிடந்தார்கள்.

ஒரு குறி மட்டும் இல்லை. பெரியம்மா தானே கண்டுபிடித்த தையல் ஒன்று உண்டு. நூலை மூன்று சுற்று சுற்றி, இரண்டு கண் பின்னால் போய், ஒரு முறுக்கு முறுக்கி இழுப்பது. பார்த்தால் வால் முளைத்த சோழி மாதிரி இருக்கும். அதற்கு அறை இல்லாததால் புத்தகத்தில் அது வருகிற இடத்தில் எல்லாம் ஒரு நட்சத்திரத்தைப் போட்டுவைத்திருந்தார். அறுபத்து மூன்று நட்சத்திரம். அச்சானதும் இருநூறு பிரதியிலும் பேனாவால் தானே வரைந்துவிடுவதாக ஏற்பாடு. பெரியம்மாவின் வலது மணிக்கட்டு ஏற்கெனவே கட்டுத்துணியில் இருந்தது.

இன்றைக்கு மதியம் எலி அந்த எழுத்துப் பெட்டியைத் திறந்து ஒவ்வோர் அறையாக எட்டிப்பார்த்தாள். ஆச்சரியம், ஓர் அறை காலியாக இருந்தது. இருபத்தாறாம் எண். பெரியம்மா கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். வால் முளைத்த சோழியை அழகாக அதில் வரைந்தாள். புத்தகத்தைத் திறந்து அறுபத்து மூன்று நட்சத்திரத்தையும் எடுத்துவிட்டு அந்தக் குறியைப் போடச் சொன்னாள். போட்டது. திரையில் அத்தனை அழகு. சேமித்தாள். வால் கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தது, இரண்டு புள்ளி சேர்த்துவிட்டுப் புத்தகத்தையும் இன்னொரு தரம் சேமித்தாள். மூடினாள். பெரியம்மா வந்ததும் எப்படித் திறந்து காட்டுவது என்று ஒத்திகை பார்க்கத் திறந்தாள்.

ஒன்பது பக்கம்.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. எலி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். வந்தவர் பெரியப்பா. லிஃப்ட் மெக்கானிக், கையில் கருவிப் பை, நெற்றி முழுக்க வியர்வை.

"ஊர்ல இருக்கற லிஃப்டெல்லாம் நான்தான் பாக்கறேன். நம்ம பில்டிங் லிஃப்ட் மட்டும் என்னைப் பாத்தா படுத்துக்குது. நாலு மாடி ஏறி வரேன்" என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "என்னடா எலி, பூனையப் பாத்த மாதிரி நிக்கற."

எலிக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "பெரியப்பா, யார்கிட்டயும் சொல்லாதீங்க. பெரியம்மா புக்கு போச்சு."

"எங்க போச்சு?"

"போயே போச்சு. நான்தான் கெடுத்தேன். ஒம்போது பக்கம்தான் இருக்கு." சொல்லச் சொல்ல அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நட்சத்திரம், சோழி, காலி அறை என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினாள்.

பெரியப்பா பையைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்கு முன்னால் குனிந்தார். கணினியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அதைத் தொட்டால் பெரியம்மாவுக்குக் கோபம் வரும் என்பது மட்டும்தான்.

"அந்தச் சோழி எங்க? ஒம்போதாம் பக்கத்துல எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"அதுவும் காணோம். முதல் சோழி வர்ற இடத்துக்கு முன்னாடியே நின்னுடுச்சு."

"சரியா அந்த எடத்துலயா?"

"ஆமா."

"அப்புறம் ஏன் அழற? லிஃப்ட் மூணாவது மாடியில நின்னா, நாலாவது மாடி இடிஞ்சு போச்சுன்னு யாராவது ஒப்பாரி வைப்பாங்களா? நடுவுல ஏதோ ஒரு சுவிட்சு நில்லுனு சொல்லுது, அது நிக்குது. லிஃப்ட் ரொம்பக் கீழ்ப்படிஞ்ச பொருள். உங்க பெரியம்மா மாதிரி கிடையாது."

"இது லிஃப்ட் இல்ல பெரியப்பா."

"எல்லாம் லிஃப்டுதான். ஒரு தடவ நிறுத்திட்டுப் போடு."

எலி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெளியேறும் பொத்தானை அழுத்தினாள். திரையின் அடியில் ஒரு கேள்வி வந்தது. பதற்றத்தில் எங்கேயோ ஒரு எழுத்தைத் தட்டியிருக்கிறாள் போல. மாற்றியதைச் சேமிக்கவா, 'ஒய்'யா, 'என்'னா என்று கேட்டது.

"சேமிச்சு வைக்கறது நல்லதுதானே" என்று பெரியப்பா உதவுகிற நல்லெண்ணத்தோடு ஒய் பொத்தானை நோக்கி விரலைக் கொண்டுபோனார்.

எலி அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஏன் பிடித்தாள் என்று அவளுக்கே ஒரு நொடி கழித்துத்தான் புரிந்தது. "வேணாம். மேல் மாடி எல்லாம் இருந்தா... இப்ப சேமிச்சா அதை நாமளே இடிச்ச மாதிரி. இந்த ஒம்போது பக்கம் போய் அது மேல உக்காந்துக்கும்."

"நான் சொன்னது உனக்குப் புரிஞ்சிருக்கு. எனக்குத்தான் புரியல" என்றார் பெரியப்பா, கையை மீட்டுக்கொண்டு.

'என்' பொத்தானைத் தட்டிவிட்டு வெளியே வந்தாள். கறுப்புத் திரையில் கோப்புகளின் பட்டியலைக் கேட்டாள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அதன் அளவு எழுதியிருக்கும். எத்தனை எழுத்து அடித்தோமோ ஏறத்தாழ அத்தனை எண். புத்தகத்தின் பெயருக்கு எதிரே விரலை வைத்துக்கொண்டு எண்ணினாள். மூன்று லட்சத்து இருபத்தோராயிரம்.

"பெரியப்பா. ஒம்போது பக்கத்துக்கு எதுக்கு மூணு லட்சம்?"

"கேள்வியை நீயே கேட்டு நீயே சிரிக்கற."

உண்மைதான், சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் ஈரம் காயவில்லை, வாய் காது வரை போயிருந்தது. புத்தகம் போகவில்லை. உள்ளேதான் படுத்திருக்கிறது. இருபத்தாறு என்ற எண்ணைப் பார்த்தால் 'கோப்பு முடிந்தது' என்று எடுத்துக்கொள்வது அந்தப் பழைய மெஷினின் பரம்பரை வழக்கம். அவள் போட்ட சோழி ஒவ்வொன்றும் அதன் கண்ணுக்கு ஒரு முற்றுப்பலகை. எழுதும்போது அத்தனையையும் எழுதிவிட்டது. படிக்கும்போது முதல் பலகையிலேயே கும்பிடு போட்டுத் திரும்பிவிட்டது.

தெரிந்துகொள்வது வேறு, எடுப்பது வேறு. மணி நாலாகப் பத்து நிமிடம் இருந்தது.

முதலில் கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்தாள். மெஷினோடு வந்த தடிமனான கையேட்டைப் பரணிலிருந்து பெரியப்பா இறக்கிக்கொடுத்தார். தூசியில் மூன்று தும்மல் போட்டார். அதில் இருந்ததைப் பார்த்துப் பார்த்து பேசிக் என்ற கணினி மொழியில் ஒரு சின்ன நிரல் எழுதினாள். கோப்பைத் திற, ஒவ்வோர் எழுத்தாகப் படி, இருபத்தாறைக் கண்டால் அந்த இடத்தில் வேறு எண்ணைப் போடு. ஓட்டினாள். அதுவும் ஒன்பதாம் பக்கத்தில் போய் நின்றது.

"இவனும் அதே குடும்பம்தான்" என்றார் பெரியப்பா.

எலி நகத்தைக் கடித்துக்கொண்டு கையேட்டின் பக்கங்களைப் புரட்டினாள். கோப்பைத் திறக்க இன்னொரு வழி போட்டிருந்தது. முடிவு எங்கே என்று கோப்பிடம் கேட்கவே வேண்டாம். இத்தனையாவது எழுத்தைக் கொடு என்று எண்ணைச் சொல்லிக் கேட்கலாம். முதலாவதைக் கொடு, இரண்டாவதைக் கொடு, மூன்று லட்சத்து இருபத்தோராயிரமாவதைக் கொடு. பலகை கிலகை எதுவும் குறுக்கே வராது.

"ஆனா சோழியை எங்க வைக்கறது? எல்லா அறையிலயும் ஆள் இருக்கு" என்றாள். "யாரையாவது காலி பண்ணச் சொல்லணும்."

இருவரும் சேர்ந்து எழுத்துப் பெட்டியைப் பார்த்தார்கள். பெரியப்பா வீட்டுத் தரகர் மாதிரி ஒவ்வொரு அறைக்கு முன்னாலும் நின்று யோசித்தார். "இது யாரு?"

"ஙூ."

"அப்படி ஒண்ணு இருக்கா? ஐம்பத்தெட்டு வருஷத்துல நான் ஒரு தடவகூட வாயால சொன்னதில்லையே. வாடகை குடுக்காம இத்தன வருஷம் குந்தியிருக்கான்."

புத்தகம் முழுக்க ஒரு ஙூகூட இல்லை என்று நிரலிடம் கேட்டு உறுதி செய்துகொண்டபின், நூற்று எழுபத்து மூன்றாம் அறையிலிருந்து அவரை மரியாதையாக வெளியே அனுப்பிவிட்டுச் சோழியைக் குடிவைத்தாள். புது வழியில் மாற்றி எழுதிய நிரலை ஓட்டினாள். கிழட்டு மெஷின் மெல்லத்தான் ஓடியது. ஒவ்வொரு சோழி கிடைத்ததும் திரையில் ஓர் எண் விழும்படி செய்திருந்தாள். ஒன்று விழுந்தது. ரொம்ப நேரம் எதுவும் இல்லை. இரண்டு. மூன்று. பெரியப்பா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சத்தமாக எண்ண ஆரம்பித்தார். முப்பதுக்கு மேல் எலியும் சேர்ந்துகொண்டாள். அறுபதில் இருவரும் எழுந்து நின்றிருந்தார்கள். அறுபத்து இரண்டு. மின்விசிறி சுற்றுகிற சத்தம்.

"ஒண்ணு குறையுதே" என்று பெரியப்பா மெல்லச் சொல்லி முடிப்பதற்குள் அறுபத்து மூன்று விழுந்தது.

புத்தகத்தைத் திறந்தாள். கடைசிப் பக்கத்துக்குப் போகும் பொத்தானை அழுத்தினாள். மெஷின் கரகரவென்று யோசித்தது. இருநூற்றுப் பதினான்கு. பெரியப்பா அவளைத் தூக்கிச் சுற்றப் பார்த்தார். இடுப்பு பிடித்துக்கொண்டதால் கையை மட்டும் குலுக்கினார்.

பெரியம்மா ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டார். உள்ளே பிரின்டர் ஊசிகள் 'க்ரீச் க்ரீச்' என்று குத்திக்கொண்டிருந்தன.

"யாருடி பிரின்டரைத் தொட்டது? ஏங்க, நீங்க இங்க என்ன பண்றீங்க?"

ஒன்பதாம் பக்கம் வெளியே வந்தது. பெரியம்மா கிழித்து எடுத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். கட்டுப் போட்ட கையின் விரல் ஒரு வரிமேல் போய் நின்றது. நட்சத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் சோழி. சின்னதாக, நெளிந்த வாலோடு, மற்ற குறிகளோடு பிறந்தது மாதிரி.

"இது நான் போடற தையல்" என்றார். "வால்கூட சரியாத் திரும்பியிருக்கு. அறுபத்து மூணு எடத்துலயுமா?"

"ஆமா பெரியம்மா. நீங்க பேனாவால போட வேண்டாம்." பிறகு, சொல்லாமலே இருந்துவிடலாம் என்று நினைத்தவள், சொல்லிவிட்டாள். "ஆனா நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். முதல்ல காலியா இருந்த அறையில போட்டேன். புக்கே போயிடுச்சுன்னு நினைச்சேன்."

பெரியம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இருபத்தாறுலயா போட்ட?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"பின்ன, அவ்வளவு இடநெருக்கடியில ஒரு அறைய சும்மா பூட்டி வெச்சிருக்கேன்னா காரணம் இல்லாமலா? ஒரு வார்த்தை கேக்கறதுக்கு என்ன?" திட்டத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். "இரு. போன பக்கத்தை எப்படித் திரும்ப அடிச்ச? இருநூறு பக்கத்தை?"

"அடிக்கல. அது போகவே இல்ல பெரியம்மா. உள்ளயேதான் இருந்துச்சு. மெஷினுக்குத்தான் தெரியல."

பெரியம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். "போகவே இல்லையா? அப்ப அன்னிக்கு எனக்குப் போனது?"

"என்னிக்கு?" என்றார் பெரியப்பா.

"ஆஃபீஸ்ல இருந்தப்ப. முப்பது வருஷம் ஆச்சு. புதுசா 'ஆ' வரைஞ்சு இருபத்தாறுல போட்டேன். அன்னிக்குன்னு பாத்து பதினொரு பக்கம் ஒரு லெட்டர் அடிச்சேன். திரும்பத் திறந்தா ஒரு பக்கம்தான் இருக்கு." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பெரியப்பாவின் தலை மெதுவாகத் திரும்பியது. "யாருக்கு லெட்டர்?"

"அது எதுக்கு இப்ப."

"எனக்கும் ஒரு லெட்டர் வந்துச்சு. முப்பது வருஷம் முன்னாடி. பொண்ணு பாத்துட்டுப் போன மறுவாரம். புள்ளி புள்ளியா அடிச்சது. ஒரே பக்கம்." பெரியப்பா எலியைப் பார்த்துச் சொன்னார், பேசியது பெரியம்மாவிடம். "'நீங்கள் மிகவும் நல்ல மனிதர் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.' அதோட முடிஞ்சிரும். கையெழுத்துகூட இல்ல. பாவம், வெக்கத்துல விட்டுட்டாளேன்னு நினைச்சேன்."

பிரின்டர் அடுத்த பக்கத்தை வெளியே தள்ளியது.

"அதுக்கு அடுத்த வார்த்தை என்ன?" என்றார் பெரியப்பா.

பெரியம்மா கையிலிருந்த பக்கத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று எலி பயந்துபோய்க் கிட்டே போனாள். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வர, மூச்சு வாங்க, பத்தொன்பது வயதுப் பெண் மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஆனால்" என்றார் கடைசியில்.

பெரியப்பாவுக்கும் சிரிப்பு பற்றிக்கொண்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடிப்பாவி. வேணாம்னு எழுதின லெட்டரா அது? பத்து பக்கத்துக்கா? பத்து பக்கம் சொல்ற அளவுக்கு ஒரு தடவ டீ குடிக்கறதுக்குள்ள என்னத்தக் கண்டுபிடிச்ச?"

"அப்ப எனக்கு எல்லாமே பெரிசாத் தெரியும்ங்க. திரும்ப அடிக்க கை வரல. இதைக் குடுத்துட்டு மிச்சத்தை நேர்ல சொல்லிக்கலாம்னு இருந்தேன். நீங்க படிச்சிட்டு என்னைப் பாத்து சிரிச்சீங்க பாருங்க, அதுக்கப்புறம் எங்க சொல்றது."

"சொல்லாததே நல்லது. இல்லன்னா இவளுக்கு யாரு எலின்னு பேர் வெச்சிருப்பாங்க" என்றார் பெரியப்பா, கண்ணைத் துடைத்தபடி. துடைத்த கை பாதியில் நின்றது. "ஏன்டா எலி. அந்த லெட்டரும் இந்த மெஷின்ல அடிச்சதுதானே."

எலியின் விரல்கள் அவளைக் கேட்காமலே பழைய பட்டியலை வரவழைத்திருந்தன. கீழே, ரொம்பக் கீழே, அவள் பிறப்பதற்கு முன்பான தேதியோடு ஒரு பெயர் இருந்தது. 'கடிதம்' என்று இங்கிலீஷ் எழுத்தில். எதிரே எண், பதினேழாயிரத்துச் சொச்சம். ஒரு பக்கத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு என்று அவள் மனசுக்குள் வகுத்துப் பார்த்தாள். பதினொரு பக்கம். குறையாமல்.

பெரியப்பா அவள் தோளுக்கு மேலாகக் குனிந்தார். அவருக்கு எண் புரியாது, அவள் முகம் புரியும். அவருக்குப் பின்னால் பெரியம்மா எழுந்து நின்றிருந்தார். வேண்டாம் என்று தலையாட்டுவார் என்று எலி எதிர்பார்த்தாள். அவர் ஆட்டவில்லை. சம்மதிக்கவும் இல்லை. ஒன்பதாம் பக்கத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, தான் என்னதான் எழுதினோம் என்று தனக்கே மறந்துபோன மாதிரி அந்த மஞ்சள் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிச்ச பத்து பக்கத்தையும் உன்னால எடுக்க முடியுமா, முடியாதா?" என்று கேட்டார் பெரியப்பா.